காலை ஐந்து முதல் எட்டரை வரை

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது மூன்றே பேர். கீழே நானும் என் மனைவியும். மாடியில் குடியிருக்கும் சொல்தா ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டு பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மூன்று பேருக்கு மூன்று ரூட்டர். விருந்தாளி யாராவது வந்து போனில் வைஃபை தேடினால் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஐந்து பெயர் வரும், இரண்டு ரூட்டருக்கு இரட்டைப் பெயர். எதில் சேருவது என்று என்னைக் கேட்பார்கள். "வந்தமா, காபி குடிச்சமான்னு இருங்க. அவரக் கேட்டீங்கன்னா ராத்திரி சாப்பாட்டுக்கும் இருக்கவேண்டி வரும்" என்று மனைவி உள்ளேயிருந்து சொல்வாள்.

அவள் சொல்வது நியாயம்தான். எதில் சேர்ந்தால் எது வேலை செய்யும் என்பது எனக்கே தெரியாது. இத்தனைக்கும் எல்லாவற்றையும் மாட்டியவன் நான்.

இதைப் படிக்கிறவர்கள் என்னை இன்ஜினியர் என்று நினைத்துவிட வேண்டாம். ரிட்டையரான குமாஸ்தா. எங்கள் அலுவலகத்தில் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால் கிழியாமல் உருவத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு' என்று பெயர் வந்துவிட்டது. பெயர் ஒருமுறை வந்துவிட்டால் காப்பாற்றியாக வேண்டும். ஆபீஸில் காகிதம் உருவியே காப்பாற்றினேன். ரிட்டையரான பிறகு காப்பாற்றுவதற்கு வீடுதான் கிடைத்தது.

ஹாலில் இருப்பது கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போன பெரிய ரூட்டர். மாடிப்படி வளைவில் சொல்தாவுக்காக ஒன்று. மூன்றாவது, மகள் பிளஸ் டூ படித்தபோது அவள் அறைக்கென்று வாங்கிய பழைய ரூட்டர். மகள் படித்து முடித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. ரூட்டர் மட்டும் அந்த அறையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. சும்மா கிடக்கிறதே, அதற்கு இன்னும் கொஞ்சம் வேகம் கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இப்படி எனக்குத் தோன்றுகிற நாளில் எங்கள் வீட்டில் யாராவது என் கையைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கலாம்.

ஹாலிலிருந்து அந்த அறைக்கு நீலக் கேபிள் ஒன்றை இழுத்து, நடையின் குறுக்கே போட்டேன்.

"ஏங்க, கால்ல தட்டுது."

"ரெண்டு நாளு. அப்புறம் ஆணி அடிச்சி செவுத்து ஓரமா ஒட்டிடறேன்."

இரண்டு நாள் பன்னிரண்டு நாள் ஆனது. பதின்மூன்றாம் நாள் காலை, துவைத்த துணி நிறைந்த பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த என் மனைவியின் கால் அந்தக் கேபிளில் மாட்டியது. வலது கணுக்காலில் எலும்பு முறிவு. முட்டிவரை மாவுக்கட்டு. ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர்.

"எப்டிம்மா விழுந்தீங்க?" என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை மிகுந்த ஆர்வத்துடன் பார்த்தேன்.

"ஈரத்துல வழுக்கிட்டேன் சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோல் எடுத்து அந்தக் கேபிளை முழம் முழமாக வெட்டிப் போட்டேன். எனக்குக் கொடுத்துக்கொள்ளத் தெரிந்த தண்டனை அவ்வளவுதான். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "நல்லா இருந்த ஒயர எதுக்கு வெட்னீங்க? துணி காயப்போட கொடி கட்டியிருக்கலாமே?"

அவளுக்கு வேண்டிய வசதி மகளின் அறையில்தான் இருந்தது. ஒட்டினாற்போல் பாத்ரூம், அதில் உட்கார்ந்து எழும் கோப்பை. அங்கேயே கட்டில் போட்டுக் கொடுத்தேன். அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இரண்டு படி. ஆகவே ஆறு வாரத்துக்கு அந்த அறைதான் அவளுக்கு ஊர், உலகம் எல்லாம்.

நான்காவது வாரம் முடிகிறபோதுதான் எனக்கு உறைத்தது. தேர் வருகிறது.

என் மனைவி வீராம்பட்டினத்துக்காரி. ஆடி மாதத்தில் அங்கே அம்மனுக்குத் தேர். வெள்ளிக்கிழமை காலையில் கவர்னர் வந்து முதலில் வடம் தொட வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். கவர்னருக்குப் பின்னால் மந்திரிகள், அவர்களுக்குப் பின்னால் ஊர். "அவுங்க தொடுவாங்க, போட்டோ எடுத்துக்குவாங்க, கெளம்பிடுவாங்க. இழுக்கறது எங்க ஊரு ஆளுங்கதான்" என்று வருடா வருடம் தவறாமல் எனக்கு விளக்குவாள், நான் ஏதோ கவர்னரின் சொந்தக்காரன் மாதிரி.

அவளுக்குத் தேரில் முக்கியமானது ஒரே ஒரு நொடி. அதுவரை மலை மாதிரி நிற்கிற தேர், முதல் தடவையாக ஆடி, சக்கரம் ஒரு சாண் உருளும் நொடி. அப்போது ஒன்று, ஒன்றே ஒன்று, வேண்டிக்கொள்வாள். பிறந்ததிலிருந்து அந்த நொடியை அவள் தவறவிட்டதில்லை. மகள் பிறந்து இருபதாவது நாள் தேர் வந்தது. பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். "சொன்னா பலிக்காது" என்பாள். நானும், எனக்குப் புத்தி வரவேண்டும் என்றுதான் கேட்டிருப்பாள், இன்னும் வராததால்தான் வருடா வருடம் போகிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடம் போக முடியாது. கூட்டம், மணல், ஊன்றக்கூடாத கால். "போவுது விடுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த 'போவுது விடுங்க'வை நான் முப்பத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன். அவள் அப்படிச் சொன்ன எதுவும் அவளை விட்டுப் போனதில்லை.

அதனால்தான் நான் வாயைத் திறந்தேன். "தேர உனக்கு டிவில காட்டறேன். இந்த ரூம்லயே. பெருசா. அங்க நடக்கும்போதே இங்க தெரியும்."

அவள் திரும்பினாள். "நெசமாவா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் மாவுக்கட்டை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று தேரை நேரலையில் காட்டுகிறது; கேபிளை நான் எப்போதோ துண்டித்துவிட்டேன், ஆனால் அதற்கு ஓர் ஆப் இருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஹாலிலிருந்த டிவியைத் தூக்கிவந்து மகளின் படிப்பு மேசையில் வைத்தேன். இரண்டு ரூட்டரின் முதுகிலும் இருந்த பொத்தானை அழுத்தி, பழைய ரூட்டர் ஹாலின் பெரிய ரூட்டரிடமிருந்து காற்றிலேயே நெட்டை வாங்கி டிவிக்குக் கொடுக்கும்படி செய்தேன். ஆப்பை இறக்கினேன். திறந்தேன். படம் பளிங்கு மாதிரி வந்தது. யாரோ ஒருவர் வாழைப்பூ வடை சுட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயில் குமிழி தனித்தனியாகத் தெரிந்தது.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். நல்லா இருக்கு" என்றாள். அன்று எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது, சுட்டதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே அவள் தலையைப் பின்னி, நான் எடுத்துக்கொடுத்த மஞ்சள் சேலையைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கட்டிக்கொண்டு, பூவும் வைத்துக்கொண்டாள். ஊன்றாத காலில்கூட மஞ்சள் பூசியிருந்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரலுக்கு மட்டும். நான் ரிமோட்டை எடுத்து ஆப்பைத் திறந்தேன்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு எழுத்து வந்தது: இணைய இணைப்பு இல்லை.

"என்னாங்க எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்ல. காலை நேரம் இல்லியா, சூடாவணும்" என்றேன். டிவி என்ன டீசல் வண்டியா என்று அவள் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

என்னிடம் உள்ள வைத்திய முறை ஒன்றே ஒன்று: அணைத்துப் போடுவது. டிவியை அணைத்துப் போட்டேன். வட்டம். பழைய ரூட்டரை அணைத்துப் போட்டேன். வட்டம். ஹாலுக்கு ஓடி, எல்லாவற்றுக்கும் மூலவரான பெரிய ரூட்டரையே அணைத்தேன்.

மாடியிலிருந்து செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. அரை டிராயரும் பனியனுமாக சொல்தா வந்து நின்றார். அவர் வாயில் ஆண்களெல்லாம் முசே, பெண்களெல்லாம் மதாம்.

"என்னா முசே, என் நியூஸ் நின்னு போச்சு! பாரீசுல எதுனா ஆயிடுச்சா?"

"பாரீசுல ஒண்ணும் ஆவல. நான்தான் புடுங்கினேன். டிவில நெட்டு வரல, இன்னும் கொஞ்ச நேரத்துல தேரு."

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "போன்ழூர் மதாம்" என்று காலை வணக்கம் சொல்லித் தலையைக் குனிந்தார். பிறகு நிலைமையைப் பட்டாளக்காரராக ஆராய்ந்தார். "இவ்ளோதான? ஹால்ல நெட்டு வருதில்ல? டிவிய திரும்ப அங்க வச்சிடு. மதாம நாற்காலில உக்கார வச்சி நாம ரெண்டு பேரும் படி ஏத்திடலாம். சண்டைல அடிபட்டவன இப்டித்தான் தூக்குவோம்."

என் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு எழுவத்தி மூணு. இவருக்கு அறுவது. ஒரு காலு ஏற்கெனவே போச்சு, இன்னொண்ணுதான் மிச்சம் இருக்கு. வேணாங்க முசே."

அவர் மனம் புண்படவில்லை. "தேர் வந்தா கூப்புடு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். பெரிய ரூட்டரை மறுபடி போட்டேன். பாரீஸ் வந்தது. வீராம்பட்டினம் வரவில்லை.

மணி ஏழு. அவளுடைய தம்பியின் போன் வந்தது. தம்பி தேரடியிலேயே நிற்கிறான். ஸ்பீக்கரில் போட்டேன். தவில், பீப்பீ, மைக் எல்லாம் கலந்து அறை நிறைந்தது.

"அக்கா, அலங்காரம் எல்லாம் முடிஞ்சிச்சி. மந்திரிங்க வந்துட்டாங்க. கவர்னர் இன்னும் வரல. டிவில தெரியுதா?"

"உங்க மாமா பாத்துக்கினு இருக்காரு."

"மாமாவா?" தவிலையும் மீறிக் கத்தினான். "சரி, நான் வேணா வீடியோ கால்ல..."

"இந்தக் கூட்டத்துல நீ போன தூக்கிப் புடிச்சா நாலு பேரு முதுகும் ஆகாசமும்தான் தெரியும். நீ வடத்தப் புடி."

கவர்னர் தாமதமாக வரவேண்டும் என்று அன்று காலை புதுச்சேரி முழுவதிலும் வேண்டிக்கொண்ட ஒரே பிரஜை நானாகத்தான் இருப்பேன்.

போனில் பார்க்கிறாயா என்று அவளிடம் கேட்டேன். "தேரு எவ்ளோ ஒசரம் தெரியுமா? அத உள்ளங்கைல வச்சிப் பாக்கச் சொல்றீங்களா?" என்றாள். நான் நீட்டிய என் போனை அவள் வாங்கவேயில்லை. அந்தப் போனின் நெட்டையே டிவிக்குக் கொடுத்துப் பார்த்தேன். பழைய காலத்துச் சுவர், அறைக்குள் சிக்னல் ஒற்றைக் கோடு. கோபுரம் மாதிரி ஏதோ ஒன்று கட்டம் கட்டமாகத் தெரிந்து அப்படியே உறைந்தது. டிவியைப் பெரிய ரூட்டரின் வைஃபையில் நேராகச் சேர்க்கலாம் என்று பார்த்தேன். அதற்கு நான் வைத்திருந்த பாஸ்வேர்டு இருபத்திரண்டு எழுத்து. திருடன் எவனும் நுழையக்கூடாது என்று வைத்தது. ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கினேன். பதினேழாவது எழுத்தில் தப்பு. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் சேர்ந்தது, அங்கேயும் அலை எட்டவில்லை, வட்டம்தான். வெட்டிப்போட்ட நீலக் கேபிளை நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு துண்டு இருக்கும்.

ஒன்று மட்டும் விளங்கியது. என் போனை ஹாலில் பெரிய ரூட்டரோடு சேர்த்தால் நெட் வருகிறது. அறைக்குள் பழைய ரூட்டரோடு சேர்த்தால் வருவதில்லை. கோளாறு பழைய ரூட்டருக்குள்ளேதான். அதன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனிப் பாஸ்வேர்டு. அதை வைத்தவன் நான். வைத்து ஏழு வருடம்.

கல்யாண நாளைப் போட்டேன். தவறு என்றது. ஸ்கூட்டர் நம்பர். தவறு. பி.எப். நம்பர். தவறு.

"என்னோட பொறந்த நாளு போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

போட்டேன். தவறு என்றது. எனக்கு அது தெரியும்தானே என்பது போல் அவள் என் விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நாலு எண்ணும் சரியாகத்தான் அழுத்தினேன் என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மீதி ஒரே வழி. ரூட்டரின் முதுகில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருக்கும். அதற்குள் குத்தி அழுத்திப் பிடித்தால் எல்லாம் மறந்து பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிடும். அப்புறம் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். போன தடவை மாடி ரூட்டருக்கு அப்படிச் செய்தபோது எனக்கு மூன்று நாள் ஆனது. இப்போது மணி ஏழு இருபது.

"ஒரு ஊக்கு குடு" என்றேன்.

தாலிக்கயிற்றில் கோத்திருந்த இரண்டு ஊக்கில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். "வரலன்னா போவுது விடுங்க" என்றாள், மெதுவாக. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ரூட்டரைத் திருப்பி ஓட்டையைத் தேடினேன். கண்ணாடி போட்டும் ஓட்டை தெரியவில்லை. கண்ணில் ஏதோ.

அப்போது அவளுடைய போன் அடித்தது. மகள். நான் ஸ்கூட்டர் நம்பரோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் சத்தமில்லாமல் பெங்களூருக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள்.

"அப்பா, கைல என்ன வச்சிருக்கீங்க?"

"ஊக்கு."

"கீழ வைங்க. வச்சிட்டீங்களா? இப்ப சொல்லுங்க. நேத்து சாயந்தரம் வேல செஞ்சிச்சா?"

"சூப்பரா செஞ்சிச்சு. வாழப்பூ வடை."

"இன்னிக்குக் காலைல வரல. என் ரூமு ரூட்டரு." சிரிப்பை அடக்குகிற சத்தம். "அப்பா, மணி எட்டரை ஆனா அதுவா வந்துடும்."

"எட்டரைக்குத் தேரு தெரு திரும்பிடும்டி! அது ஏன் எட்டரைக்கு வரணும்?"

"நீங்கதான் வச்சீங்க. மறந்துட்டீங்களா? காலைல அஞ்சு மணிலேருந்து எட்டரை வரைக்கும். திங்கள்லேருந்து சனி."

எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததோடு நிற்காமல் காது சூடானது.

விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்பது எங்கள் வீட்டு வேதம். பிளஸ் டூ வருடம் மகளை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவேன். எழுந்து போனை நோண்டுகிறாள் என்று சந்தேகம். அதற்காகவே அந்த ரூட்டரை வாங்கி, அவள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் வரை அதில் எந்த நெட்டும் வராதபடி ஒரு கட்டுப்பாடு போட்டேன். போட்டுவிட்டு, என்ன மூளை எனக்கு என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மகள் பரீட்சை எழுதினாள், காலேஜ் போனாள், பெங்களூர் போனாள். அந்தப் பெட்டி மட்டும் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆள் இல்லாத அறையில் ஒரு பெண் படிப்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒருநாளாவது லீவு போட்டதா? இல்லை. அரசு ஊழியனான என்னைவிட ஒழுங்கு.

"சரி, அதத் தூக்கிடறேன். பாஸ்வேர்டுதான் தெரியல. எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்பா, திட்டக்கூடாது."

"திட்டல."

"அத நான் அப்பவே மாத்திட்டேன்."

"மாத்திட்டியா?"

"உங்க பாஸ்வேர்டு நம்ம ஸ்கூட்டர் நம்பருதான? மூணாவது நாளே கண்டுபுடிச்சிட்டேன். டெய்லி அஞ்சேகாலுக்கு எடுத்துட்டு, ஆறே முக்காலுக்குத் திரும்பப் போட்டுடுவேன். ஏழு மணிக்கு நீங்க வந்து போன வச்சி செக் பண்ணுவீங்க இல்ல? வேல செய்யுதுன்னு அவ்ளோ சந்தோசமா போவீங்க. அதக் கெடுக்க வேணாம்னுதான்."

நான் கட்டிலைப் பார்த்தேன். மனைவி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அஞ்சேகாலுக்கு டீ போட்டுக் குடுத்தது யாரு?" என்றாள். "கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் காமெடி பாப்போம். அப்புறம் அது படிக்கும். மார்க்கு நல்லாதான வந்துச்சி?"

ஒரு வருடம் முழுக்க, நான் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, தாயும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு இந்த அறையில் சிரித்திருக்கிறார்கள். கோபம் வரவேண்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. என்னையும் எழுப்பியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

"பாஸ்வேர்டு சொல்லு."

"இங்கிலீசுல அடிங்க. எல்லாம் சின்ன எழுத்து. அப்பாபாவம். எடத்த விடாம, சேத்து."

அடித்தேன். கதவு திறந்துகொண்டது. உள்ளே போய், மகள் சொன்ன இடத்தைத் தொட்டேன். ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. 'பாப்பா படிப்பு' என்று நான் வைத்த பெயர், ஐந்து மணி, எட்டரை மணி. நீக்கு என்பதை அழுத்தினேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. பிரிண்டர்கூட என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்னா செய்றீங்க?"

"பாத்துக்கினு இருக்கேன்."

"அழுத்துங்கப்பா. நான் படிச்சிட்டேன்."

அழுத்தினேன்.

ஆப்பைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. அதே நேரத்தில் என் போனில் தம்பி கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போடவே தேவையில்லை, அத்தனை சத்தம். வேட்டு வெடிக்கிறது, ஜனம் கத்துகிறது.

"அக்கா! கவர்னர் வடம் தொட்டுட்டாரு! தேரு கெளம்பிடுச்சி! கெளம்பிடுச்சிக்கா!"

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி டிவியைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். "நான்தான் அந்த ஒயர..." என்று ஆரம்பித்தேன்.

"ஏங்க. அங்க பாருங்க."

படம் வந்திருந்தது. திரை முழுக்கத் தேர். உச்சியில் துணி படபடக்கிறது. கீழே கடல் மாதிரி தலைகள். வடம் தரையில் கிடக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் அப்போதுதான் வடத்தின் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

தேர் நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, நேரலைன்னாலும் நமக்குக் கொஞ்சம் லேட்டாதான் வரும்" என்றாள் மகள், இன்னொரு போனிலிருந்து. "ஒரு நிமிசம் இருக்கும்."

ஒரு நிமிடம். வீராம்பட்டினத்தில் முடிந்துபோன ஒரு நிமிடம் எங்கள் வீட்டில் இன்னும் பாக்கி இருந்தது.

"என்னத் தூக்குங்க" என்றாள் மனைவி.

"டாக்டர் காலு ஊனக்கூடாதுன்னு..."

"ஊனல. ஒரு காலுல நிக்கறேன். தேரு கெளம்பறப்ப எவளாவது உக்காந்திருப்பாளா? புடிங்க."

அவள் கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இடுப்பைப் பிடித்து எழுப்பினேன். கட்டுப் போட்ட காலைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கொக்கு மாதிரி நின்றாள். பாதி எடை என் மேல். பூ என் காதில் உரசியது. மாடியில் சொல்தாவைக் கூப்பிட வேண்டும் என்று நினைவு வந்தது. அவளை விட்டுவிட்டு எப்படிக் கூப்பிடுவது, இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

திரையில் கவர்னர் குனிந்து வடத்தைத் தொட்டார். போட்டோ எடுத்தார்கள். அவர்கள் விலகினார்கள். ஊர் வடத்தில் கை வைத்தது. வடம் தரையிலிருந்து எழுந்து விறைத்தது. என் தோளில் இருந்த கையும் விறைத்தது. தேர் ஒரு தரம் ஆடியது, நின்றது, இன்னொரு தரம் ஆடியது. சக்கரம் உருண்டது.

அவள் உதடு அசைந்தது. கண்ணை மூடிக்கொள்ளவில்லை, திறந்தே வைத்திருந்தாள். நான் தேரையும் அவளையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்று இரண்டையும் பாதிப் பாதி பார்த்தேன்.

"என்னா வேண்டிக்கின?" என்றேன்.

"பேசாம நில்லுங்க. ஆடுறீங்க."

ஆடாமல் நின்றேன். படுக்கையில் கிடந்த போனில் தம்பி இன்னும் கத்திக்கொண்டிருந்தான். "அக்கா, தேரு மொன திரும்பப் போவுது! பாத்தியா? பாத்தியாக்கா?"

"இருடா" என்றாள் என் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவசரப்படாத. எங்க வூட்ல இப்பதான் கெளம்புது."